ரூபவதிக்கு ஒரு திருட்டு

"நான் என்ன டீச்சர் குறை வச்சேன்? ரூபவதி ஏன் வரமாட்டேங்குறா?"

கேட்டவர் இயக்குநர் தேவசகாயம். தலை நரைத்தவர். மரகதம் டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சிரிக்க வைக்கும் வித்தையில் அவருக்குக் குரு இவர்தான். சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் நகைச்சுவை நடிப்பு சொல்லிக் கொடுக்கிறார். திருநங்கை நடிகை ரூபவதியும் அங்கே படித்தவர்தான்.

"என்ன சொன்னா?"

"'சார் எனக்கு நல்ல மரியாதை குடுத்தாரு, அதுவே போதும்'னுட்டா. அடுத்த படமே அவளுக்காக எழுதினது. அவ இல்லன்னா எனக்குப் படமே இல்ல."

"போன படத்துல என்ன வேஷம் குடுத்தீங்க?"

தேவசகாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். செத்துப்போன பெரியவரின் தங்கப் பல்லைப் பிடுங்க ஒரு வீடே அலைகிற பிளாக் காமெடி அது. மகன் திருடுவான். மருமகள் திருடுவாள். துக்கம் கேட்க வந்தவரும் கை வைப்பார்.

"எல்லாம் களவாணிங்க டீச்சர். ரூபவதி மட்டும்தான் நல்லவ. பொணத்துக்காக உண்மையா அழுற ஒரே ஆளு. திருநங்கைன்னாலே கேலி பண்றது நம்ம சினிமா வழக்கம். நான் கையெடுத்துக் கும்பிடுற மாதிரி காட்டினேன்."

"ஜனம் சிரிச்சுதா?"

"விழுந்து விழுந்து."

"அவ வந்தப்போ?"



"பாப்கார்ன் வாங்கப் போயிட்டாங்க."

டீச்சர் எழுந்தார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். ஒரு பொன்னாடையும் போர்த்தினார். சாலிகிராமத்தில் பொன்னாடைக்கா பஞ்சம்?

பிறகு மாணவர்களோடு தரையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டுக்கட்டைக் கலைத்தார்.

கழுதை ஆட்டம். கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ அவர் கழுதை. அவர் கழுதை மாதிரி கத்திக் காட்ட வேண்டும். ஒருத்தி துப்பட்டாவுக்குள் சீட்டை ஒளித்தாள். ஒருவன் பக்கத்துக் கையை எட்டிப் பார்த்துக் குட்டு வாங்கினான். டீச்சரே அழுகுணி ஆட்டம் ஆடினார். மாட்டிக்கொண்டு, கழுதையாகி, தெருவே அண்ணாந்து பார்க்கும்படி கத்தினார்.

பொன்னாடைக்குள் தேவசகாயத்துக்கு வேர்த்தது.

"எனக்கும் சீட்டுப் போடுங்க டீச்சர்."

"ஐயையோ, நீங்க எவ்வளவு பெரிய மனுஷன்!"

"அட, பரவாயில்ல."

"உங்களைப் போய் கழுதைன்னு சொல்ல எங்களுக்கு வாய் வருமா சார்?"

அடுத்த ஆட்டம் தொடங்கியது. வேறொருவன் கழுதையானான். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். நாற்காலிப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"நானும் கழுதையாகுறேன் டீச்சர்!"

கத்தியே விட்டார். கத்தின பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. படப்பிடிப்பின்போது ரூபவதி கேட்டிருக்கிறார்: "சார், அந்தப் பல்லை நானும் ஒருவாட்டி திருடுறேனே?" இவர்தான், "சீச்சீ, உன்னை அப்படிக் காட்டுவேனாம்மா?" என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

பொன்னாடையை மடித்துக் கீழே வைத்தார். 

"இப்போ போய்க் கேட்டா வருவாளா?"

டீச்சர் சீட்டுகளை அடுக்கினார்.

"போன வாரமே வேற படம் ஒத்துக்கிட்டா சார். யாரோ புது டைரக்டர். மாமியார் வீட்டையே வித்துட்டு ஓடுற வேஷமாம். இங்க வந்துதான் கதையைச் சொன்னா. சொல்லி முடிக்க முடியாம அப்படிச் சிரிச்சா."



தேவசகாயம் கேட்டார்:

"அவ எப்படி டீச்சர் சிரிப்பா?"