தொங்கல் மறைத்த பூக்கள்

என்னிடம் முதலில் வம்பு வளர்த்தது மந்திரி வைகுந்தமூர்த்திதான். அரசர் வல்லபராயரின் பிறந்தநாள் விருந்து. நான் முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மந்திரி வந்து நின்றார்.

"மாசாணம், என் மாமனார் வந்திருக்கிறார். நீர் கொஞ்சம் எழுந்திரும்."

எழுந்தேன். கடைசிப் பந்தியில் இடம் கிடைத்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. அரசரைச் சிரிக்கவைப்பது என் வேலை. அன்று எனக்கே சிரிப்பு வரவில்லை.

அதோடு விட்டாரா அந்த மனிதர்? மறுநாளே அடுத்த வேலையை ஆரம்பித்தார்.

எங்கள் அரசருக்கு எண்களைப் படித்துக் காட்டினால் கொட்டாவி வந்துவிடும். அதனால் சபையில் எந்தக் கணக்கையும் மாலையாகக் கட்டி உத்திரத்தில் தொங்கவிடுவது வழக்கம். ஊருக்கு ஒரு மாலை. நூறு வீட்டில் எத்தனை வீட்டுக்குக் காய்ச்சல் வந்ததோ, அத்தனை செவ்வந்திப் பூ. எது நீளமோ அந்த ஊருக்குக் கஷ்டம் அதிகம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்குக்கூட அது புரியும்.

அன்று இரண்டு மாலைகள் தொங்கின. ஒன்று மேலையூர், மந்திரியின் மாமனார் ஊர். இன்னொன்று கீழையூர், என் ஊர். மேலையூர் மாலை கீழையூர் மாலையைப்போல இரண்டு மடங்கு நீளம்.

"பாருங்கள் அரசே," என்றார் மந்திரி. "மேலையூரில் இரண்டு மடங்கு காய்ச்சல். வைத்தியசாலையோ கீழையூரில் இருக்கிறது. அதைத் தூக்கி மேலையூரில் வைப்பதுதான் நியாயம்."

அரசர் தலையாட்டினார். என் மகள் உலகம்மைக்கு ஏழாம் மாதம். அவளுக்குப் பிரசவம் பார்க்கப்போவது அந்த வைத்தியசாலையில் இருக்கும் மருத்துவச்சிதான். மேலையூருக்கு மாட்டுவண்டியில் போனால் ஒரு நாள் ஆகும். வலி எடுத்தவள் ஒரு நாள் வண்டியில் குலுங்குவாளா?

மறுபடியும் மாலையைப் பார்த்தேன். கீழையூருக்கு நாலே நாலு பூ.

"மந்திரியாரே, எங்கள் ஊரில் நூற்றுக்கு நாலு வீட்டில்தான் காய்ச்சலா? எங்கள் தெருவில் காய்ச்சல் வராத வீட்டை அல்லவா தேட வேண்டியிருந்தது?"

"நாலு என்று நான் சொல்லவே இல்லையே. கட்டியிருக்கிற ஒவ்வொரு பூவும் நிஜம். நான் காட்டுகிற ஒப்பீடு தப்பு என்று நிரூபியும். இதே சபையில் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன்."

மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. இரண்டு கன்னத்தையும் மூடி, தாடைக்குக் கீழே தொங்குகிற மீசை. அதைத் தடவிக்கொண்டே மேலே ஒரு பார்வை பார்த்தார். நானும் பார்த்தேன். பிறந்தநாளுக்காக உத்திரத்தை ஒட்டிக் கட்டிய பட்டுத் தொங்கல். மாலைகளின் மேல்பகுதி அதற்குப் பின்னால் இருந்தது.

"அந்தத் தொங்கலைக் கொஞ்சம் அவிழ்க்கச் சொல்லுங்கள் அரசே," என்றேன்.

"பிறந்தநாள் தொங்கலை விழா முடியும் முன் அவிழ்ப்பதா? அபசகுனம்," என்றார் மந்திரி.

அரசரும், "அது கூடாது மாசாணம்," என்றார்.

சரி என்று விட்டுவிட்டேன். காவலர் இருவரைக் கூப்பிட்டு, ஒரு போர்வையை ஆளுயரத்துக்கு விரித்துப் பிடிக்கச் சொன்னேன்.

"அரசே, ஒரு சின்ன விளையாட்டு. கிரீடத்தைக் கழற்றிவிட்டு இதற்குப் பின்னால் நில்லுங்கள். மந்திரியாரே, தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நீங்களும் பக்கத்தில்."

விளையாட்டு என்றால் அரசர் விடமாட்டார். போய் நின்றார். மந்திரி அவரைவிட நாலு விரல் உயரம். போர்வைக்கு மேலே அரசரின் தலைமுடி இரண்டு விரல் உயரத்துக்குத் தெரிந்தது. மந்திரிக்கு நெற்றியோடு சேர்த்து ஆறு விரல்.

நான் சபையைப் பார்த்துச் சொன்னேன். "சபையோரே, அளந்தாயிற்று. மந்திரியார் நம் அரசரைப்போல மூன்று மடங்கு உயரம்."

போர்வைக்குப் பின்னாலிருந்து அரசரின் குரல் வந்தது.

"என்னய்யா உளறுகிறீர்? நாலு விரல்தானே கூட?"

"வெளியே தெரிவதைத்தான் அளந்தேன் அரசே."

"அப்படியானால் போர்வைக்குக் கீழே இருப்பது நான் இல்லையா?"

"தொங்கலுக்கு மேலே இருப்பது பூ இல்லையா அரசே?"

போர்வை சட்டென்று கீழே இறங்கியது. இறக்கியது அரசர்தான். உத்திரத்தைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். "சகுனம் கிடக்கட்டும். தொங்கலை அவிழுங்கள்."

அவிழ்த்தார்கள். மேலையூருக்கு நாற்பத்து நாலு பூ. கீழையூருக்கு நாற்பது. மேலே இருந்த முப்பத்தாறு முப்பத்தாறு பூவைப் பட்டு மறைத்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு மாலையும் அண்ணன் தம்பி.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இரண்டு ஊரிலும் கிட்டத்தட்டப் பாதி வீடு காய்ச்சலில் கிடந்திருக்கிறதே. கீழையூர் வைத்தியசாலை அங்கேயே இருக்கட்டும். மேலையூரில் புதிதாக ஒன்று கட்டுங்கள்."

எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. மந்திரியின் மாமனாருக்குப் புது வைத்தியசாலையே கிடைத்தது. பொய்க் கணக்குக் காட்டியவருக்கு அதிலும் லாபம். போகட்டும் என்று, "மீசை?" என்று கேட்டேன்.

"நாளைக்கு," என்றார் மந்திரி.

மறுநாள் வந்தார். மீசை எப்போதும்போல இரண்டு கன்னத்திலும் இருந்தது.

"பாதி எங்கே?"

"தாடைக்குக் கீழே இரண்டு விரல் தொங்கியது. ஒரு விரல் வெட்டிவிட்டேன். பாதி சரியாகப் போயிற்று."

"தாடைக்கு மேலே இருப்பது?"

"அதை யார் அளந்தார்கள்?"

அரசர் முந்தின நாளைவிட அதிகமாகச் சிரித்தார். கடன் தீர்ந்தது என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அரசருக்குத் தீர்ந்திருக்கலாம்.

உலகம்மைக்குக் கீழையூரிலேயே சுகப்பிரசவம். ஆண் குழந்தை. பெயர் வைக்கிற விருந்துக்கு மந்திரியும் வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு மேல்துண்டால் மீசையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

அவர் துடைத்த மீசையில் பாதி என்னுடையது.