அழுங்கு பிடித்த செயின்

ஒரு காட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. காட்டில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று முந்திக்கொண்டு கேட்காதீர்கள். அதைச் சொல்லாமல் கதை நகராது.

வனக்காவலர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். மிருகங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில், இரண்டு பாறைகளுக்கு நடுவே நிறுத்தின. பின்சக்கரத்து டயரைக் கழற்றிவிட்டு, வெறும் ரிம்மின்மேல் நீளமான கயிறு மாட்டின. கயிறு நெடுக மூங்கில் குவளைகள். மேலே ஒருவர் உட்கார்ந்து மிதித்தால் சக்கரம் சுற்றும். பள்ளத்தின் அடியில் இருக்கும் ஊற்றுத் தண்ணீர் குவளை குவளையாக ஏறி வந்து கல்தொட்டியில் கொட்டும். கோடை முழுக்க அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் காடு குடித்தது.

அந்தக் காட்டின் ராசா ஒரு யானை. நல்லவர்தான், காதுதான் கொஞ்சம் பெரிது. கடைசியாக யார் பேசினாலும் அவர் பேச்சு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாகப் பேசுவது பெரும்பாலும் சவ்வாது என்கிற புனுகுப்பூனை. உடம்பெல்லாம் மணக்கும். அவனுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம், மரியாதை கிடைத்தால் போதும். சைக்கிள் வந்த அன்றே அதன் சீட்டுக்கு அடியில் செருகியிருந்த காக்கித் துணியை உருவி, தலையில் பரிவட்டமாகக் கட்டிக்கொண்டான். "இன்னையிலிருந்து இதுக்கு நான்தான் பூசாரி" என்றான். மறுத்துப் பேசினால் தண்ணீர் வராமல் போய்விடுமோ என்று பயந்து எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் செயினுக்கு எண்ணெய்க் காப்பு நடக்கும். சுரைக்குடுவை நிறைய இலுப்பை எண்ணெயைச் சவ்வாது செயின்மேல் கவிழ்ப்பான். அதன்மேல் சந்தனம் அப்புவான், மஞ்சள்பொடி தூவுவான். பிறகு எல்லோரும் கும்பிட வேண்டும். ஒரு கட்டளையும் உண்டு. காப்பைத் துடைக்கிறவர் காட்டுக்கு ஆகாதவர்.

பங்குனிக் காற்று செம்மண் புழுதியை வாரி வந்து அந்த எண்ணெயில் கொட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் புழுதியின்மேல் இன்னொரு குடுவை எண்ணெய் விழுந்தது.

முதலில் மிதித்தது சடையன் என்ற கரடி. உழைப்பாளி. ஒருநாள் அவன், "செயின் கரகரங்குது" என்றான்.

"முனகுதுடா. எண்ணெய் கேக்குது" என்று சவ்வாது இன்னொரு குடுவை ஊற்றினான்.

மறுவாரம் செயின் படக்கென்று அறுந்தது. "இவன் கால் ராசி சரியில்லை" என்று சவ்வாது ராசாவின் காதில் ஓதினான். சடையனை வறண்டு கிடந்த ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டிவிட்டார்கள். அக்கரை காட்டுத்தீயில் கருகிப்போன இடம். அங்கே புல்லும் இல்லை, புற்றும் இல்லை.

மரங்கொத்தி தன் அலகால் தட்டிச் செயினைக் கோத்துக் கொடுத்தது. அடுத்து மிதிக்க வந்தவள் மூக்காயி என்கிற அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு. கால் குட்டை என்பதால் மிதிகட்டையில் மூங்கில் துண்டு கட்டி உயரம் ஏற்றிக்கொண்டாள். வாலின்மேல் அவள் குட்டி தொற்றிக்கொண்டிருக்கும். மூக்காயி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். அழுங்குப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்?

மிதித்த மூன்றாம் நாளே அவளுக்கும் அந்தக் கரகர சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான். புற்றைத் தோண்டி எறும்பு தின்றுவிட்டு வந்தால் செதிலிடுக்கில் மண் சேரும். அதைத் தட்டிவிடாமல் படுத்துவிட்டால் மறுநாள் முதுகு மடங்காது, மடக்கினால் செதிலோடு செதில் உரசி அறுக்கும். இது எந்த அழுங்குக்கும் தெரியும்.

அவள் சவ்வாதிடம் போய், "ஐயா, செயினைத் துடைக்கணும்" என்றாள்.

"காப்பையா துடைக்கச் சொல்ற? நாக்கு நீளமா இருந்தா என்ன வேணா பேசலாமா?"

"என் நாக்கு நீளம்தான். செயின் ஆயுசு நீளமா இல்லையே."

சவ்வாதுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு குடுவையாக ஊற்றினான்.

சித்திரை பிறந்து நாலாம் நாள், காலியான தொட்டியில் முதல் குவளை கொட்டுமுன், மூக்காயியின் காலடியில் மிதிகட்டை திடுக்கென்று வெறுமையாகச் சுற்றியது. செயின் அறுந்து தரையில் விழுந்து கிடந்தது. கயிறு நின்றது. குவளைகள் பாதி வழியில் தொங்கின. மிருகங்கள் எல்லாம் கூடிவிட்டன.

"யார் மிதிக்கும்போது அறுந்துச்சு?" என்றார் ராசா.

"மூக்காயி மிதிக்கும்போது. கரடிக்கு அடுத்து இவ. ரெண்டு பேர் காலும் ராசியில்லாத கால். பொழுது சாயறதுக்குள்ள இவளும் ஆத்தைத் தாண்டட்டும்" என்றான் சவ்வாது.

மூக்காயி வாலைத் திரும்பிப் பார்த்தாள். அக்கரையில் புற்று இல்லை. புற்று இல்லையென்றால் எறும்பு இல்லை, எறும்பு இல்லையென்றால் அவளுக்குப் பால் ஊறாது. வாலில் இருப்பது இன்னும் பால் மறக்காத குட்டி. ஆனாலும் அவள் அழவில்லை.

"ராசா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் மிதிச்சது மிதிகட்டையை. அது நல்லா இருக்கு. கயிறு நல்லா இருக்கு, குவளை நல்லா இருக்கு. வாராவாரம் எண்ணெய் குடிச்ச செயின் மட்டும் ஏன் அறுந்துச்சு?"

ராசா காதை ஆட்டி யோசித்தார். யோசித்து முடிக்கும்வரை சவ்வாது விடவில்லை.

"கேட்டீங்களா, காப்பையே குத்தம் சொல்றா. இவளை வச்சிருந்தா ஊத்தே வத்திப்போகும்."

"அப்போ போகட்டும்" என்றார் ராசா. கடைசியாகப் பேசியது சவ்வாது அல்லவா?

சவ்வாது பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டு, அறுந்த செயினுக்குப் புதுக் காப்புச் சாத்தக் குடுவையைத் தூக்கினான். மூக்காயி பார்த்தாள். இதே சந்தனம், இதே மண், இதே எண்ணெய். நாளைக்கு வேறு யாராவது மிதிப்பார்கள். அவர்களும் அக்கரைக்குப் போவார்கள்.

அவள் பாய்ந்து செயினை அள்ளினாள். "இதைத் துடைக்காம இனிமே ஒரு சொட்டு விழ விடமாட்டேன்" என்றாள். குட்டியையும் செயினையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிட்டாள்.

காவலுக்கு நின்ற காட்டுப்பன்றிகள் வந்து முட்டின. பந்து உருண்டது, திறக்கவில்லை. ராசாவே தும்பிக்கையால் நெம்பிப் பார்த்தார்.

"மூக்காயி, ராசா சொல்றேன். விடு."

"மாட்டேன், ராசா."

காட்டில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ராசா தும்பிக்கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"எண்ணெயை ஊத்துங்க. பிடி வழுக்கி, தானா விட்டுடுவா" என்றான் சவ்வாது.

ஊற்றினார்கள். ஒரு குடுவை, இரண்டு குடுவை, ஆறு குடுவை. சந்தனக் கிண்ணமும் சேர்ந்து கவிழ்ந்தது. பிறகு பன்றிகள் அவளைப் புழுதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டின. உச்சிப்பொழுதில் தொடங்கியது, வெயில் தாழும்வரை நடந்தது.

பந்துக்குள் குட்டி கேட்டது. "அம்மா, ஏன் நாம உருள்றோம்?"

"விட்டா நீ பட்டினி கிடக்கணும். அதனால உருள்றோம். நீ தூங்கு" என்றாள் மூக்காயி.

அவள் தூங்கவில்லை. எறும்பு எடுக்கிற அந்த நாக்கால் செயினின் ஒவ்வொரு கண்ணியாக வழித்தாள். மேலே சந்தனம் கசந்தது. அடுத்து மஞ்சள். அதற்கும் கீழே மண், நறநறவென்று மண். எல்லாவற்றுக்கும் அடியில், இரும்போடு ஒட்டி, கறுப்பாகப் பழைய மசகு நாறியது. அந்த நாற்றத்தை எங்கோ முகர்ந்திருக்கிறோமே என்று நினைத்தாள். கடைசிக் கண்ணியை வழிக்கும்போது, அது எங்கே என்று நினைவு வந்துவிட்டது.

பன்றிகள் களைத்து உட்கார்ந்துவிட்டன. எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. அப்போதுதான் மூக்காயி தானாகவே பந்தைப் பிரித்தாள்.

கரக், கரக் என்று சத்தம் கேட்டது. செதில்கள் ஒன்றோடொன்று உரசின. நாலைந்து இடத்தில் செதிலோரம் ரத்தம் கசிந்தது.

"ராசா, உங்க காதை என் முதுகில வையுங்க."

ராசா குனிந்து காதை வைத்தார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க மூக்காயிக்குப் பல்லும் கிடையாது. வாயை இறுக மூடிக்கொண்டு, முதுகை ஒருமுறை மடக்கி நிமிர்த்தினாள். அந்தப் பெரிய காதுக்குள் அன்றைக்குத்தான் யாருடைய பேச்சும் இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் போனது.

"செயின்ல கேட்ட சத்தம் மாதிரி இருக்கே" என்றார் ராசா.

"அதேதான். சடையண்ணன் சொன்ன சத்தமும் இதுதான். எண்ணெயோட மண் சேர்ந்தா அது எண்ணெய் இல்லை ராசா, அரம். ஒரு பகல்ல என் முதுகு இப்படி ஆச்சு. செயின் ஒரு மாசத்துக்கும் மேலா இதைச் சுமக்குது."

அவள் செயினை நீட்டினாள். அது பளபளவென்று இருந்தது. மரங்கொத்தி பறந்து வந்து பார்த்தது.

"அடப்பாவமே. இந்த ரெண்டு கண்ணியிலயும் ஆணி தேஞ்சு முள்ளு மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு கண்ணி மடங்கவே மாட்டேங்குது. சந்தனத்துக்குள்ள இருந்தா என் கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"சரி, இப்போ என்ன செய்யணும்?" என்று ராசா கேட்டார். மூக்காயியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"முதல்ல அந்தத் துணி வேணும்." அவள் சவ்வாதின் தலையைக் காட்டினாள்.

"இது பரிவட்டம். இதைத் தொடக் கூடாது" என்று சவ்வாது பின்வாங்கினான்.

"மோந்து பாருங்க, ராசா. அதுல கறுப்பா இருக்கிறது செயின் அழுக்கு. காவலர் அதைச் சீட்டுக்கு அடியில ஏன் வச்சிருந்தார்? துடைக்கத்தான்."

ராசாவின் தும்பிக்கை நீண்டது. பரிவட்டம் கழன்று வந்தது. மேலாகச் சவ்வாதின் வாசனை இருந்தது. ஆழமாக இழுத்தால் உள்ளே அதே பழைய மசகு நாற்றம். ராசா துணியை மூக்காயியிடம் கொடுத்தார்.

மூக்காயி செயினை அழுத்தித் துடைத்தாள். தேய்ந்த இரண்டு கண்ணியையும் எடுத்துவிட்டு மரங்கொத்தி செயினைக் கோத்தது. மடங்காத கண்ணியை முன்னும் பின்னும் அசைத்து இளக்கியது. குறைந்த நீளத்துக்கு ஏற்றபடி பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பொருத்தினார்கள். பிறகு மூக்காயி ஒரு துரும்பை எண்ணெயில் தொட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு வைத்தாள். மிதிகட்டையைக் கையால் சுற்றிவிட்டு, வெளியே வழிந்த எண்ணெயையும் துடைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் ராசா.

"அவ்வளவுதான். புழுதி படிஞ்சா மறுபடி துடைக்கணும். கரகரன்னா நிறுத்திப் பார்க்கணும். எடுத்த எடுப்பில உதைச்சு மிதிக்காம, நிதானமா மிதிக்கணும்."

"நல்லது. ஏறி மிதி, மூக்காயி. எல்லாரும் தாகமா இருக்காங்க."

"மாட்டேன், ராசா."

காடே திகைத்தது. மூக்காயி சைக்கிளுக்கு முன்னால் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் தாகம்தான். சடையண்ணன் ஆத்துக்கு அந்தப் பக்கம் சாம்பலைத் தின்னுக்கிட்டு இருக்கார். அவர் கால்ல குத்தம் இல்லைன்னு இப்போ உங்களுக்கே தெரியும். அவர் வந்து மிதிக்கட்டும். அப்புறம் நான் மிதிக்கிறேன்."

சவ்வாது ராசாவின் காதை நோக்கி நகர்ந்தான். ராசா காதை மடக்கிக்கொண்டு, யாரையும் அனுப்பாமல் தாமே ஆற்றங்கரைக்கு நடந்தார். அங்கே நின்று அவர் பிளிறியது அக்கரை முழுக்கக் கேட்டது.

விடிந்தபோது சடையன் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். யாரையும் திட்டவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. நேராகச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து நிதானமாக மிதித்தான். ராசா குனிந்து செயினருகே காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

தொட்டியில் சேர்ந்த முதல் தண்ணீரை ராசா தும்பிக்கையில் உறிஞ்சினார். தாம் குடிக்கவில்லை. மூக்காயியின் முதுகில் பீய்ச்சி, செதிலிடுக்கில் இருந்த மண் போகும்வரை கழுவினார். மூக்காயி இந்த முறை மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்க தோஷத்தில் சவ்வாது எண்ணெய்க் குடுவையோடு வந்து நின்றான். மூக்காயி செயினை மறைத்து நின்றுகொண்டு, காக்கித் துணியை அவன் கையில் திணித்தாள்.

"முதல்ல துடைங்க, ஐயா."

சவ்வாது சுற்றிலும் பார்த்தான். காடே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து துடைத்தான்.

நீதி: அழுக்கைத் துடைக்காமல் ஊற்றும் எண்ணெய் செயினை அறுக்கும், அறுந்தபின் மிதித்தவரைப் பழிக்காதே, அறுமுன் துடை.