வால் முறுக்கின நீல மீன்

ஒரு ஊர்ல, கடலோரமா இருக்கிற ஒரு ஊர்ல, செங்கமலம்னு ஒருத்தி இருந்தா. ரொட்டிக் கடையில மாவு பிசையற வேலை. தலகாணியில தலையை வெச்சுக்கோ குட்டிம்மா. நடுவுல நடுவுல "ம்" சொல்லணும், சரியா?

"ம்."

ஒரு ஞாயித்துக்கிழமை அவ சந்தைக்குப் போனா. அங்க ஒருத்தர் சாக்கு விரிச்சு பழைய சாமான் வித்துட்டு இருந்தாரு. ஓட்டை டம்ளர், கை போன பொம்மை, அதுக்கு நடுவுல ஒரு கண்ணாடி மீன். நீலக் கலர்ல பளபளன்னு, வாலு மட்டும் முறுக்கி விட்ட மாதிரி. அவ தனக்குன்னு இதுவரைக்கும் எதுவும் வாங்கினதே இல்லையாம். இதை ஆசையா வாங்கிட்டு வந்து ஜன்னல்ல வெச்சா. வெயில் பட்டதும் சுவரெல்லாம் நீலமா தகதகன்னு ஆடுச்சு.

அப்போ தெருவோட போன பங்களா தெய்வநாயகம் அதைப் பாத்துட்டாரு. "அய்யோ, இது என் மீன்! கப்பல்ல வந்தது, வெளிநாட்டு மேஸ்திரி ஊதினது. ஒரு மாசமா காணோம். நீதான் எடுத்தியா?"

"இல்லைய்யா, சந்தையில வாங்கினேன்."

தெருவே கூடிடுச்சு. ஏட்டையா வந்தாரு. சாக்குக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டா, "மூட்டை மூட்டையா வாங்கறேன், எது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்?"ங்கறாரு. ரொட்டிக் கடை முதலாளி, "இது தீர்ற வரைக்கும் வேலைக்கு வராதே"ன்னுட்டாரு.

ஏட்டையா கொஞ்சம் நிதானமான ஆளு. "இந்தாம்மா, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இதைச் செஞ்சது யாருன்னு கண்டுபிடி. வேற ஆள் செஞ்சதுன்னா இது ஐயாவோடது இல்ல. மீனைக் காட்டித்தானே கேக்க முடியும், நீயே வெச்சுக்கோ. நான் பொறுப்பு"ன்னாரு.

"ம்."

அப்புறம் அவ மீனைத் துணியில சுத்திக்கிட்டு விறுவிறுன்னு வளையல் கடை மஸ்தான் பாய்கிட்ட போனா. அவரு நகத்தால தட்டினாரு. டிங்ங்ங்! வயித்துப் பக்கம் தடவிப் பாத்தாரு.

"அச்சுல ஊத்தியிருந்தா ஒட்டின கோடு தெரியும். இதுல கோடே இல்ல. உள்ள வெறும் காத்து. இது வாயால ஊதினது தங்கச்சி. யாரு ஊதினதுன்னு எனக்குத் தெரியாது. மாதா கோயில் ஜன்னலுக்குக் கலர் கண்ணாடி போடறாரே அந்தோணிசாமி, அவரைக் கேளு."

அப்புறம் மாதா கோயிலுக்குப் போனா. அந்தோணிசாமி ஏணி மேல நின்னு டொக் டொக்னு தட்டிட்டு இருந்தாரு. இறங்கி வந்து மீனை வெயில்ல தூக்கிப் பிடிச்சாரு. வால் நுனியில நீலம் இல்லாம வெறும் கண்ணாடியா கொஞ்சம் இருந்துச்சு. அதையே உத்துப் பாத்தாரு.

"என் ஜன்னல் கண்ணாடி ஓரத்துல பச்சை அடிக்கும், பாரு. இதுல அடிக்கல. இது நெருப்புத் தாங்குற கண்ணாடி. காலேஜ்ல பசங்க மருந்து காய்ச்சுற குழாய் இருக்கே, அந்தக் கண்ணாடி."

அப்போ வியாழக்கிழமை ஆயிடுச்சு. இன்னும் ஒரே நாள். தூங்கிட்டியா?

"இல்ல அத்தை. சொல்லு."

அப்புறம் அவ காலேஜுக்குப் போனா. லேபுக்குப் பின்னால ஒரு சின்ன ரூம். உடைஞ்ச குழாயை ஒட்டற ரூம். அங்க சகாயமேரின்னு ஒரு அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, புஸ்ஸ்ஸ்னு எரியுற நெருப்புக்கு முன்னால உக்காந்திருந்தாங்க. செங்கமலம் துணியைப் பிரிச்சா. அந்த அம்மா நெருப்பை அணைச்சாங்க. மீனைக் கையில வாங்கினாங்க. வால் முறுக்கை விரலால தடவிப் பாத்தாங்க.

"இது உனக்கு எங்க கிடைச்சுது? நான் செஞ்சதும்மா இது. எங்க வாத்தியார் ஒருத்தர் ரிட்டயர் ஆனப்போ செஞ்சு குடுத்தேன். அவர் போய்ச் சேந்துட்டாரு. வீட்டைக் காலி பண்ணினப்போ பழைய சாமானோட போயிருக்கும்."

செங்கமலம் பொலபொலன்னு அழுதுட்டா. நடந்ததெல்லாம் சொன்னா. "நீங்க வந்து சொன்னா அவரு நம்புவாராக்கா?"

"சொன்னா நம்ப மாட்டாரு. செஞ்சு காட்டறேன். ஏட்டையாவையும் அவரையும் இங்க கூட்டிட்டு வா. அவர் மீனோட போட்டோ இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை ஏட்டையா வந்தாரு. தெய்வநாயகமும் போட்டோவோட வந்தாரு. சகாயமேரி ஒரு குழாயை நெருப்புல காட்டினாங்க. அது தளதளன்னு இளகுச்சு. உஃப்ப்னு ஊதினாங்க, வயிறு உப்புச்சு. நீலக் கண்ணாடிக் குச்சியை உருக்கி மேல சுத்தினாங்க. இடது கையால வாலைப் பிடிச்சு, சர்ர்ருன்னு ஒரே முறுக்கு!

"நான் இடதுகைக்காரி. என் முறுக்கு இடப்பக்கமாத்தான் சுத்தும். இப்போ உங்க போட்டோவைப் பாருங்க."

சந்தை மீனோட வாலும் இடப்பக்கம் சுத்தியிருந்துச்சு. போட்டோவுல இருந்த மீனுக்கு வலப்பக்கம்.

தெய்வநாயகம் போட்டோவைப் பாத்தாரு, மீனைப் பாத்தாரு, மறுபடி போட்டோவைப் பாத்தாரு. "தப்பு என்னுதுதாம்மா. அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்"னாரு. அங்க சொன்னது போதாதுன்னு நேரா ரொட்டிக் கடைக்கே போயி, அத்தனை பேர் முன்னாலயும் சொன்னாரு. முதலாளி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா"ன்னாரு.

"அப்போ அவரோட மீன் எங்க அத்தை?"

அதுவா? வீட்டுக்கு வெள்ளையடிச்சப்போ அவர் சம்சாரம் பத்திரமா பழைய வேட்டியில சுத்தி பீரோவுக்குள்ள வெச்சிருக்காங்க. வெச்ச இடம் அவங்களுக்கே மறந்து போச்சு. அடுத்த வாரம் கிடைச்சுதாம்.

செங்கமலம் வீட்டுக்கு வந்தா. இத்தனை நாளா அவ ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல. அன்னிக்குச் சுடச்சுட சோறு வடிச்சு, ரசம் ஊத்தி, ரெண்டு தட்டு சாப்பிட்டா. பாயை விரிச்சா. அப்பாடான்னு காலை நீட்டினா. படுத்ததுதான் தெரியும், விடியற வரைக்கும் புரளவே இல்ல.

கதை கரை சேந்துடுச்சு, கண்ணு. நீயும் காலை நீட்டிக்கோ. தூங்கு.