இரண்டு பக்கமும் பேசட்டும்

"உங்க வகுப்புல மட்டும் எப்படி மேடம் சண்டையே வர்றதில்லை?"

கேட்டவர் தாணுமூர்த்தி. வரலாற்றுத் துறைத் தலைவர். ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

கேட்கப்பட்டவர் மரியபுஷ்பம். கௌரவ விரிவுரையாளர். தாணுமூர்த்தியின் மகள் வயதுதான் இருக்கும். அந்தக் கூச்சத்திலேயே நான்கு நாளாகக் கேட்காமல் இருந்தார்.

மரியபுஷ்பம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"இட ஒதுக்கீடு இன்னும் தேவையான்னு ஒரு விவாதம் வச்சேன். யாரையும் தடுக்கலை. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். ஆளுக்கு மூணு நிமிஷம். முடிவுல ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுட்டானுங்க."

"அப்புறம்?"

"அதைக்கூட விட்டுடலாம். மறுநாள்லேருந்து பேச்சியம்மாள்னு ஒரு பொண்ணு வரவே இல்லை. இன்னைக்கு டி.சி. கேட்டு லெட்டர் வந்திருக்கு."

"அவ என்ன பேசினா?"

"ஒண்ணுமே பேசலை. எங்க அம்மான்னு ஆரம்பிச்சா. பின்னால யாரோ சிரிச்சாங்க. சொந்தக் கதை வேண்டாம்மா, கருத்தை மட்டும் சொல்லுன்னேன். உட்கார்ந்துட்டா."

"அவ அம்மாவுக்கு என்ன சார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

மரியபுஷ்பம் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி நீட்டினார்.

பேச்சியம்மாள் ஊருக்குப் போகும் பஸ்ஸின் எண். அதன் கீழே, 'கடைசி ஸ்டாப்பில் இறங்கவும்.'

"நான் கேட்டது வகுப்பை எப்படி நடத்துறதுன்னு."

"அதுக்குத்தான் சார்."

தாணுமூர்த்திக்குக் கோபம் வந்தது. தாளைக் கசக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை போனார்.

இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. தெரு முழுக்கச் சேறு. பேச்சியம்மாள் என்றதும் ஒரு பெண் கை காட்டினாள்.

ஓடு வேய்ந்த ஒற்றை அறை. வாசலை ஒட்டி அம்மா மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

"இன்னும் ஒரு வருஷம்தானேம்மா. எதுக்கு டி.சி.?"

"வேலை இருக்கு சார்."

"அன்னைக்கு அவனுங்க சிரிச்சதுக்கு நான் கண்டிச்சிருக்கணும். தப்புதான்."

பேச்சியம்மாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுங்க சிரிச்சதால நான் வராம இருக்கல சார்."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவின் விரல்கள் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

"சாருக்கு என்னைத் தெரியாது," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "நானும் சார்கிட்டதான் படிச்சேன். பேரு உலகம்மாள்."

தாணுமூர்த்தி அவளை உற்றுப் பார்த்தார். அந்த முகம் எங்கும் அகப்படவில்லை. முப்பத்திரண்டு வருடங்களில் எத்தனையோ முகங்கள்.

"எந்த வருஷம்மா முடிச்சீங்க?"

"முடிக்கல சார். ஏழு மாசம் வந்தேன்."

"ஏன் நின்னுட்டீங்க?"

விரல்கள் நின்றன.

பேச்சியம்மாள் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா உங்க வகுப்புலதான் சார் ஒரு நாள் எந்திரிச்சுப் பேச ஆரம்பிச்சப்ப, நீங்க இதே மாதிரி..."

அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வேண்டாம் பிள்ள. சார் மனசு சங்கடப்படும்."