வாசிக்காமல் வைத்த பூ

முன்னொரு காலத்தில், கைபேசியில் விரலால் தட்டாமல் பூ வைத்துப் பாராட்டிய காலத்தில், ஓர் அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அரண்மனை மதிலில் யார் வேண்டுமானாலும் தாம் எழுதிய ஓலையைத் தொங்கவிடலாம். பிடித்தவர்கள் அதன் கீழே பூ வைக்கலாம். பூ அதிகம் சேரும் ஓலைக்குப் பரிசு என்று முரசறைந்தார்.

பரிசெல்லாம் அமைச்சர் அகளங்கரின் வீட்டுக்கே போயிற்று. அவர் 'இன்று மழை பெய்தது' என்று எழுதினாலும் அவருடைய ஆட்கள் கூடை கூடையாகப் பூவைக் கொட்டினார்கள். அரசவை விகடகவி தத்தன் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய வேடிக்கைகளை ஈ காக்கைகூடச் சீண்டவில்லை. ஒருநாள் ஒரே ஒரு பூ கிடந்தது. ஆசையோடு விசாரித்தான். காற்றில் பறந்து வந்ததாம்.

"நீயாவது ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா?" என்று மனைவி செங்கமலத்திடம் புலம்பினான்.

"அமைச்சர் ஓலைக்கு வெச்சா ஒரு உருண்டை வெல்லம் குடுக்கறாங்க. உங்க வேடிக்கைக்கு என்ன கிடைக்கும்? அதைத்தான் வீட்ல தினமும் கேட்டுத் தொலைக்கிறேனே!"

தத்தனுக்கு வயிறு எரிந்தது. அந்த வெல்லத்தில் வைத்த பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தவனும் அவன்தான்.

அமைச்சரின் ஆட்கள் வாசிக்காமலே பூ வைக்கிறார்கள் என்று பூ விழாதவர்கள் எல்லோரும் அரசரிடம் முறையிட்டார்கள். அகளங்கர் எழுந்தார்.

"அரசே, பூ வைப்பவர் ஓலையின் ஒவ்வொரு சொல்லையும் வாசித்து, ஏற்றுக்கொண்டே வைக்கிறார். இதையே சட்டமாக்குங்கள். மேலும், ஒருவரையும் சிரிக்க வைக்காத விகடகவி நமக்கு எதற்கு? வரும் பௌர்ணமிக்குள் இவன் ஓலைக்கு ஒரு பூவாவது விழாவிட்டால் வேலையை விட்டு நீக்குங்கள்."

அரசர் இரண்டுக்கும் தலையசைத்தார்.

மறுநாள் தத்தன் ஓர் ஓலையைத் தொங்கவிட்டான். முதல் வரி கொட்டை எழுத்தில் இருந்தது: 'அரசர் வாழ்க! அமைச்சர் அகளங்கர் வாழ்க!' அதன் கீழே எல்லாம் பொடி எழுத்து. அரசர் முதல் வரியைப் பார்த்ததும் மகிழ்ந்து ஒரு தாமரை வைத்தார். அரசரே வாழ்த்துக்குப் பூ வைத்தபின் அகளங்கர் வைக்காமல் இருக்க முடியுமா? அவர் வைத்தபின் அவருடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? மதிலோரம் நடக்க வழியில்லாமல் போயிற்று.

பௌர்ணமியன்று தத்தன் சபையில் அந்த ஓலையை முழுவதும் வாசித்தான்.

"இதற்குப் பூ வைக்கும் நாங்கள், இதுவரை எதையும் வாசிக்காமலே பூ வைத்து வந்தோம். அப்படிப் பெற்ற பரிசுகளைப் பூ விழாத ஓலைக்காரர்களுக்குப் பிரித்துத் தருகிறோம். இன்றுமுதல் தத்தன் சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் தவறாமல் சிரிப்போம்."

அகளங்கர் துள்ளி எழுந்தார். "அரசே, இது மோசடி! நான் இதை வாசிக்கவே இல்லை!"

"அப்படியானால் தாங்கள் கொண்டுவந்த சட்டத்தைத் தாங்களே மீறினீர்களா, அமைச்சரே?" என்று கேட்டான் தத்தன்.

அகளங்கர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அரசர் ஓலைக்குக் கீழே வாடிக் கிடந்த தாமரையைப் பார்த்தார். "நானும்தான் வாசிக்கவில்லை!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பரிசுகள் கைமாறின. தத்தனுக்கு வேலையும் நிலைத்தது, ஒரு பட்டுச் சால்வையும் கிடைத்தது.

சால்வையைப் போர்த்திக்கொண்ட உற்சாகத்தில் தத்தன் ஒரு புது வேடிக்கை சொல்லத் தொடங்கினான். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அகளங்கர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். தத்தன் ஒருவனுக்கு மட்டும் அழுகை வந்தது. அவன் இன்னும் பாதி வேடிக்கைகூடச் சொல்லி முடிக்கவில்லை.