முப்பத்தொரு பூட்டு

ஞானத்தைத் தேடிப் போகிறவர்கள் ஆன்மாவைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. மெய்யம்மையிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மாடு, கிணறு, மருமகள் பற்றியே கேட்டார்கள்.

அரண்மனைக் கணக்கர் பரஞ்சோதி கேழ்வரகைப் பற்றிக் கேட்டார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஏழு ஆண்டுகளாக அவளுடைய சீடர்.

"அம்மா, ஒரு மூட்டை விளைவிக்க என்ன செலவு என்று நான் சொல்ல வேண்டும். அந்த விலைக்குத்தான் அரசர் ஊரிலுள்ள தானியத்தை எல்லாம் வாங்குவார். குறைத்துச் சொன்னால் ஊரே நொடித்துப்போகும். கையில் இருப்பதோ ஒன்பது வீட்டுக் கணக்கு."

"ஊரில் எத்தனை வீடு?"

"நாற்பது. முப்பத்தொன்று பூட்டிக் கிடந்தன. மூன்று நாள் உச்சி வெயிலில் நடந்தேன்."

"உச்சியில் ஏன்?"

"அப்போதுதானே ஓய்வாக இருப்பார்கள்!"

"இருந்தார்களா?"

"ஒன்பது பேரும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மோர் கொடுத்தார்கள். தங்கமான மனிதர்கள். எல்லாரும் ஆறு பணம் என்றே சொன்னார்கள். என்ன துல்லியம்!"

"அவர்கள் வயலுக்குத் தண்ணீர்?"

"வாய்க்கால் பக்கத்திலேயே. மடையைத் திறந்துவிட்டால் போதும்."

மெய்யம்மை எந்தக் கேள்வியையும் வீணாக்கியதில்லை. அதற்குமேல் கேட்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு அவரைக் கொல்லைக் கிணற்றுக்கு அழைத்துப் போனாள்.

"கத்தரிப் பாத்தி காய்கிறது. இறைத்து ஊற்றும், கணக்கரே."

"விலை கேட்க அரண்மனை ஆள் இங்கே வருவானே!"

"வரட்டும்."

இருபதாவது வாளியில் கை எரிந்தது. முப்பதாவது வாளி பாதிக் கிணற்றில் இருந்தபோது வாசலில் குதிரை கனைத்தது.

"வீட்டில் யாருமில்லையா? அரண்மனையிலிருந்து வந்திருக்கிறேன்!"

கயிற்றை விட்டால் வாளி போய்விடும். பரஞ்சோதி வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.

மெய்யம்மை களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆளில்லாத வீடு" என்றது வாசல் குரல். குளம்போசை தேய்ந்து மறைந்தது.

கணக்கர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கயிறு இன்னும் கையில் இருந்தது.

"அம்மா... அந்த முப்பத்தொரு பேரும் உச்சியில் இப்படித்தான் இறைத்துக்கொண்டிருந்தார்களோ..."

"ம். இன்னும் பாதிப் பாத்தி இருக்கிறது."

அந்த ஆண்டு கேழ்வரகு விலை நாற்பது வீட்டுக் கணக்கோடு, பதினோரு நாள் தாமதமாக அறிவிக்கப்பட்டது.