மனு நாள் குரல்

"அம்மா, இந்தப் பிள்ளை மசிய மாட்டேங்குது," என்றார் ஆதிமூலம்.

ஆதிமூலம்தான் சீடர். கோர்ட்டில் சம்மன், ஜப்தி என்று அலையும் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. குரு சற்குணத்துக்கு நாற்பத்தொன்று. சிரிக்காதீர்கள், இந்த வித்தையில் அப்படித்தான் அமைந்தது.

ஜெயிலில் இருப்பவருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேசி, அவர் திரும்பி வரும் நாளுக்கு இரண்டு பக்கத்தையும் தயார் செய்வது சற்குணத்தின் வேலை. அதைக் கற்றுக்கொள்ள நாலு மாதமாக அவள் கூடவே அலைகிறார் மனுஷர்.

"எந்தப் பிள்ளை?"

"நம்ம இசக்கிமுத்து மக, பூங்கோதை. அடுத்த மாசம் அவனுக்கு விடுதலை. இது மட்டும் அப்பா வீட்டுக்கு வரவேண்டாங்குது. பிள்ளைக்குப் பயம்னா அவரு அவுக அக்கா வீட்டுக்கே போகட்டும்னு தாயும் சொல்லிட்டா."

"என்ன பயமாம்?"

"'அப்பா எப்பவும் கத்துதாரு'ங்குது. அவன்ட்ட கேட்டா, 'எம் பிள்ளைய ஒருநாள்கூட ஏசினதில்ல சார்'னு அழுதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லுதாங்க."

"அமீனா புத்தி இன்னும் போகலையே உங்களுக்கு! சனிக்கிழமை வாங்க."

சனிக்கிழமை மனு நாள். கைதிகளை வீட்டார் வந்து பார்க்கும் நாளுக்கு அங்கே அதுதான் பெயர்.

நீளமான கூடம். நடுவில் இரண்டு கம்பி வலை, வலைக்கும் வலைக்கும் இடையே ஒரு ஆள் படுக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது குடும்பம், அந்தப் பக்கம் முப்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

சற்குணம் ஆதிமூலத்தின் காதருகே ஏதோ கேட்டாள்.

"என்னது?"

மறுபடி கேட்டாள்.

"என்னதுங்கேன்!" என்று கத்தினார் ஆதிமூலம். கத்திவிட்டு அவரே திடுக்கிட்டார்.

சற்குணம் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

எதிர்ப்பக்க வலையைப் பிடித்துக்கொண்டு இசக்கிமுத்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "சாப்ட்டியாம்மா! நல்லாப் படிக்கியாம்மா!"

இந்தப் பக்கம் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

வெளியே வந்ததும் சற்குணம் கேட்டாள்: "அவன் உள்ள போகும்போது பிள்ளைக்கு மூணு வயசு. அப்பா குரலை அது வேற எங்கய்யா கேட்டிருக்கு?"

டீக்கடையில் வாங்கின டீ ஆதிமூலத்தின் கையிலேயே ஆறிப்போனது.

சற்குணம் அலையாய் அலைந்து அனுமதி வாங்கினாள். ஜெயில் நலன் அலுவலர் அறையில் அரை மணி நேரம், வலை கிடையாது. ஒரு மேசை, ஐந்து நாற்காலி.

தாயும் மகளும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். இசக்கிமுத்து உள்ளே வந்தான். மகளைப் பார்த்தான்.

"சாப்ட்டியாம்மா!"

அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. வாசலில் நின்ற காவலர்கூட எட்டிப் பார்த்தார். பூங்கோதை அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லப் பேசுடே," என்று சொல்ல ஆதிமூலம் எழுந்தார். சற்குணம் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இசக்கிமுத்துவுக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். தாயின் கையை விடாத மகளைப் பார்த்தான். பிறகு, எப்போதும் வலை இருக்கிற இடத்தில் கையை நீட்டிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி அசைந்தது.

ஆதிமூலம் குருவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கோதை அம்மாவின் கையை விட்டாள். நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒண்ணுமே கேக்கலப்பா," என்றாள். "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்."